பத்து விநாடி விடையும் எட்டு மாத உழைப்பும்

சென்ற ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் வகுப்பில் பேசச் சென்றிருந்தேன். நான் சிறுவர்களுக்காக இயற்கை, அறிவியல், வரலாறு பற்றி எழுதுபவள். கதைகள் எழுதுவதில்லை. குதிரைலாட நண்டைப் பற்றிய என்னுடைய 32 பக்கப் புத்தகத்தைக் காட்டி, இதை எழுதி முடிக்க எட்டு மாதங்கள் ஆயின என்றேன். பின்வரிசை மாணவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

“மிஸ், ஏஐகிட்ட கேட்டா பத்து செகண்ட்ல எழுதித் தந்துடுமே. உங்களுக்கு ஏன் எட்டு மாசம்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அது நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு வாக்கியத்துக்குப் பின்னால்

“குதிரைலாட நண்டுக்குப் பத்துக் கண்கள்.” சிறுவர்களைக் கவரும் வரிதான். எழுதுவதற்கு ஐந்து விநாடி போதும். ஆனால், சரிபார்க்க உட்கார்ந்தபோது சில நூல்களில் பத்து என்றும், வேறு சிலவற்றில் ஒன்பது என்றும் இருந்தது. எதை எல்லாம் கண் என்று கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு. வாலில்கூட ஒளியை உணரும் பகுதிகள் உள்ளன. அவை கண்களா, இல்லையா?

கடைசியில் நான் எழுதியது இதுதான்: இரண்டு பெரிய கூட்டுக்கண்கள் உண்டு, அவற்றைத் தவிர, ஒளியை உணரும் சிறிய கண்கள் உடலில் வேறு இடங்களிலும் உண்டு. கவர்ச்சி கொஞ்சம் குறைந்தது. ஆனால், அது தவறில்லாத வாக்கியம்.

பெயரிலேயே ஒரு சிக்கலும் உண்டு. குதிரைலாட நண்டு உண்மையில் நண்டே அல்ல. அது சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் ரத்தத்தில் செம்பு இருப்பதால், காற்றுப் பட்டதும் நீல நிறமாகும். மருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் கிருமி நச்சு கலந்துள்ளதா என்று சோதிக்க அந்த ரத்தம் பயன்படுகிறது. இவ்வளவையும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில், ஒரு பக்கத்துக்கு 60 சொற்களில் சொல்ல வேண்டும். அந்த 60 சொற்களுக்காக நான் படிப்பது பல நூறு பக்கங்கள்.

உண்மைகளுக்கும் வயதாகும். சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள்? 2019இல் 82 என்று எழுதியிருந்தால் சரி. 2023இல் அது 145 ஆனது. 2025 மார்ச்சில் 274 ஆகிவிட்டது. அச்சில் ஏறிய எண் தானாக மாறாது. அதனால் எந்த எண்ணை எழுதுவது, எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

நான் செய்த தவறு

எட்டு மாதங்கள் எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரை உயிரினங்கள் பற்றிய என் முந்தைய புத்தகத்தில், குதிரைலாட நண்டு தன் வால்முள்ளால் கொட்டும் என்று எழுதிவிட்டேன். இரண்டு இடங்களில் அப்படிப் படித்திருந்தேன். போதும் என்று நினைத்தேன்.

புத்தகம் வெளிவந்த பிறகு, தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். “ஆன்டி, அது கொட்டாது. கவுந்து விழுந்தா வாலை ஊன்றித்தான் நிமிரும். நான் பார்த்திருக்கேன்” என்றாள். அவள் தன் தந்தையுடன் சேற்றுநிலத்துக்குச் சென்றவள். அவள் சொன்னதுதான் சரி. அச்சிட்ட 500 பிரதிகளில் கையில் மீதமிருந்தவற்றில் மட்டும் திருத்தச் சீட்டு ஒட்ட முடிந்தது. மற்றவை எந்தெந்தப் பிள்ளைகளின் கைகளில் இருக்கின்றனவோ!

அதன் பிறகுதான் குதிரைலாட நண்டுக்கென்றே தனிப் புத்தகம் எழுத முடிவெடுத்தேன். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் பல ஆண்டுகளாக மண்டாய் சேற்றுநிலத்தில் இந்த உயிரினங்களைக் கணக்கெடுத்தும், வலைகளில் சிக்கியவற்றை விடுவித்தும் வந்திருக்கிறார்கள். இப்படிக் களத்தில் நிற்பவர்களிடம் கேட்காமல் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

யார் பொறுப்பு?

2025 மே மாதம் அமெரிக்காவின் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழுடன் கோடைக்கால வாசிப்புப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. அதிலிருந்த 15 புத்தகங்களில் 10 புத்தகங்கள் உலகில் இல்லவே இல்லை. எழுத்தாளர்களின் பெயர்கள் உண்மையானவை, புத்தகங்கள் கற்பனை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகவும் விடையைச் சரிபார்க்கவில்லை என்றும் அதைத் தயாரித்தவர் ஒப்புக்கொண்டார்.

கருவி தவறு செய்ததை மட்டும் பேசினால் போதாது. எழுதியவர், விநியோகித்த நிறுவனம், வெளியிட்ட நாளிதழ் என எந்தப் படியிலும் யாரும் சரிபார்க்கவில்லை. நானும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறேன். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவுகிறது. ஆனால், வால்முள் பற்றிய தவறுக்காக ஒரு சிறுமி என்னைத் தேடி வந்தாள். என் பெயர் அட்டையில் இருந்ததால்தான் அவளால் வர முடிந்தது. பத்து விநாடியில் கிடைக்கும் விடைக்குப் பொறுப்பேற்க அப்படி யாரும் இல்லை.

அந்தப் பொறுப்புக்கு என்ன ஊதியம்? என் புத்தகத்தின் விலை 15 வெள்ளி. எழுத்தாளருக்கு 10 விழுக்காடு. 500 பிரதிகளும் விற்றால் 750 வெள்ளி. எட்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு நூறு வெள்ளிகூடத் தேறாது. துணைப்பாட வகுப்பும் மொழிபெயர்ப்பும்தான் என் வாடகையைக் கட்டுகின்றன.

சட்டமும் இதில் வருகிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம், முறையாகக் கிடைக்கப்பெற்ற படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க அனுமதிக்கிறது. எழுதியவரின் ஒப்புதல் தேவையில்லை. ஆராய்ச்சியும் புத்தாக்கமும் வளர அது வழிவிடுகிறது என்பது ஒரு பக்கம். சரிபார்த்து எழுதியவருக்கு அதிலிருந்து எதுவும் வராது என்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்தே நாம் விவாதிக்க வேண்டும்.

தமிழுக்கு என்ன ஆகும்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காட்டினர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அது 3.3 விழுக்காடு. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது.

இந்தச் சூழலில், அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமே படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் என்பது பண்டிகைக்கும் பாட்டியிடம் பேசுவதற்கும் மட்டுமான மொழியாகச் சுருங்கிவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்துதான் கற்கின்றன. இன்று தமிழில் நல்ல சிறுவர் அறிவியல் நூல்கள் வராவிட்டால், நாளைய கருவிக்குக் கற்க என்ன இருக்கும்?

இந்த உழைப்புக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழில் வெளிவந்தது. அதற்குப் பின்னால் தமிழ் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு நின்றது. தனி ஒருவர் மாலை நேரங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல அது.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. கருவி தரும் விடையில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். நூலகத்தில் தமிழ் அறிவியல் நூல்களை இரவல் பெறுங்கள். தவறு கண்டால் எழுத்தாளருக்கு எழுதுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உயிரியலும் பொறியியலும் படிப்பவர்கள், உங்கள் துறையைப் பற்றி ஒரு பக்கமாவது தம்பி தங்கைகளுக்குத் தமிழில் எழுதிப் பாருங்கள்.

அந்தப் பின்வரிசை மாணவர், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “அப்போ மொத்தம் எத்தனை கண்ணு மிஸ்?” என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய ஆசிரியர் மூலம் ஒரு குறிப்பு வந்தது. மூன்று நூல்களைப் பார்த்திருந்தார். இரண்டு வெவ்வேறு எண்களைக் குறித்திருந்தார். கீழே ஒரு கேள்வி: “வாலில் இருப்பதைக் கண் என்று சொல்லலாமா?”

அதை எழுத அவருக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகியிருக்கும்.