அணிவகுப்புக்குப் பிறகு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இப்போது நாசி கண்டார் கடை பாயின் மகனைப் பற்றித்தான் பேச்சு. ஜொகூரில், தஞ்சோங் பெங்கெலியில் இருக்கும் கேடி சுல்தான் இஸ்மாயில் முகாமில் கடற்படை அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டான். நிறைவு அணிவகுப்புக்குக் குடும்பமே போய் வந்திருக்கிறது. வெள்ளைச் சீருடைப் படங்களைப் பாய் காட்டாத வாடிக்கையாளர் இல்லை. "நம்ம தனபாலசிங்கம் மாதிரி வருவான், பாருங்க" என்றார் பக்கத்தில் நோட்டு மாற்றிக் கொடுப்பவர்.

வரட்டும். ஆனால் தனபாலசிங்கம் நுழைந்த வாசல் வேறு. அவர் இங்கிலாந்தின் டார்ட்மத் கல்லூரியில் அதிகாரிப் பயிற்சி பெற்றவர். 1967 டிசம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவரிடமிருந்து பொறுப்பை வாங்கி, 31 வயதிலேயே நம் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர். பாயின் மகன் சாதாரண லஸ்கர், ஏணியின் கீழ்ப்படி. அடுத்து லூமுட் கடற்படைத் தளத்தில் என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அடிப்படைப் பயிற்சியில் ஓட்டமும் அதட்டலும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனதைத் தயார் செய்துகொண்டுதான் போகிறார்கள். பையன்களைச் சோர வைப்பது அதற்கு அடுத்து வரும் தொழிற்பயிற்சி. பீரங்கியைத் தொடலாம் என்று போனவன் வகுப்பறையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிறது. மாலுமி வேலை, எந்திரம், மின்சாரம், தகவல் தொடர்பு, கிடங்கு, சமையல் என்று பிரித்து அனுப்பும்போது கேட்டதே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. எங்கே ஆள் தேவையோ அங்கே போக வேண்டியதுதான்.

எந்தப் பிரிவானாலும் தீயணைப்பிலிருந்து தப்ப முடியாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் பொம்பாவுக்குப் போன் போட முடியுமா? முகமூடியும் முதுகில் காற்றுக் குப்பியுமாகப் புகை அடைத்த இரும்பு அறைக்குள் இறங்க வேண்டும். முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது. கையிலிருக்கும் குழாயை விட்டுவிட்டால் வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். பீய்ச்சியடிக்கும் ஓட்டையில் மர ஆப்பை வைத்து, முகத்தில் தண்ணீர் அறைய அறையச் சுத்தியலால் அடித்து இறுக்குவது இன்னொரு பாடம். சமையல்காரனுக்கும் இதில் விலக்கில்லை.

பிறகு காவல் முறை. முறைக்கு நான்கு மணி நேரம். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக உடைத்திருப்பது பிரிட்டிஷ் கப்பல்களின் பழைய ஏற்பாடு. நாளுக்கு ஏழு முறை என்று ஒற்றைப்படையில் வருவதால், நள்ளிரவுக் காவல் தினமும் ஒருவன் தலையிலேயே விழாது. இதை யோசித்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. நம் ஆபீஸ்களில் இந்த அளவு நியாயம் கிடைத்தால் போதாதா!

பயிற்சிப் பள்ளிதானே என்று மேலிடம் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாய் சாட்சி. 1946 பிப்ரவரி 18 அன்று இந்தியக் கடற்படைக் கிளர்ச்சி வெடித்தது தல்வார் என்ற சிக்னல் பயிற்சி நிலையத்தில். வாயில் வைக்க முடியாத சாப்பாடு, வெள்ளை அதிகாரியின் வசை. படித்த பையன்கள் சாப்பிட மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அது கப்பல் கப்பலாகப் பரவியது. சலிப்பைப் பையன்கள் சகித்துக்கொள்வார்கள், அவமானத்தை அப்படி விழுங்கச் சொல்ல முடியாது.

"எந்தப் பிரிவு கேக்கச் சொல்லலாம்ணே?" என்றார் பாய், ஒரு வாடிக்கையாளர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. எந்திரம், இல்லாவிட்டால் மின்சாரம் என்றேன். லஸ்கராகச் சேர்கிறவர்களில் பலர் நாற்பதை ஒட்டியே ஓய்வூதியத்தோடு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த வயதில் கைத்தொழில் தெரிந்தவனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வழியுண்டு. பீரங்கி சுடத் தெரிந்தவனுக்குப் பினாங்கில் என்ன வேலை? கார்ன்வாலிஸ் கோட்டைப் பீரங்கிகளே சும்மாதான் கிடக்கின்றன.

பாய் கொஞ்சம் யோசித்தார். "சமையல் பிரிவு கெடைக்காதாண்ணே? கடைக்கு ஆள் வேணுமே."