அவள் பெயர் என்ன?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

தென்பெண்ணைக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து கதை பேசும் பெரியவர்கள் அன்று அந்தப் பெருமையைத் தவறாமல் எடுத்து வைப்பார்கள். "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டினானே இராசராசன், அவனுக்குத் தாய்மாமன் வீடு எது தெரியுமா? நம்ம திருக்கோவலூர்தான்! சோழனுக்கே பெண் கொடுத்த மண் இது!"

உண்மைதான். திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மலையமான் மரபில் பிறந்தவள்தான் சுந்தரசோழனின் தேவி வானவன் மாதேவி. அவள் பெற்ற மகனே இராசராசன். பள்ளியில் படித்த நாளில் நானும் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள்தான். ஆனால் இப்போது ஒரு கேள்வி என்னை விடாமல் அரிக்கின்றது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன?

வானவன் மாதேவி என்பீர்கள். அது பட்டப்பெயர் அல்லவா? இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான திருபுவன மாதேவிக்கும் வானவன் மாதேவி என்றுதான் கல்வெட்டில் பெயர். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர்! பதவிக்கு வைத்த பெயர் அது, வருகிறவளுக்கு மாட்டிவிடுவார்கள். பெண்ணையாற்று மணலில் விளையாடிய நாளில் அவளைப் பெற்றவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, அந்தப் பெயர் ஆற்றோடு போய்விட்டது.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்றிருந்தேன். இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இரண்டு பெண்களின் கதையைச் சொல்கின்றது. ஒருத்தி இந்த வானவன் மாதேவி. கணவன் இறந்ததும், பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து அவள் தீயில் புகுந்தாளாம். கல்வெட்டு இதைப் புகழ்ச்சியாகவே பாடுகின்றது. அதே சோழர் வீட்டில் கண்டராதித்தனின் தேவி செம்பியன் மாதேவி, கணவனை இழந்தபின் பல்லாண்டுகள் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கி, ஊர் வாழ்த்தும்படி இருந்தார். எனவே அந்த வீட்டில் விதவைக்குத் தீ ஒன்றுதான் வழி என்றிருக்கவில்லை. பின் ஏன் எங்கள் ஊர்ப் பெண் மட்டும் தீயில் நடந்தாள்? கல்வெட்டைப் பாடியவருக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை போலும்.

இன்னொருத்தி பாரியின் மகள். பறம்பு வீழ்ந்தபின் கபிலர் அவளை மலையமானுக்கு மணமுடித்து வைத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே உள்ள கல்லில் தீப்புகுந்தார் என்கின்றது அதே கல்வெட்டு. அந்தப் பாறை இன்றும் கபிலர் குன்று என்ற பெயரோடு நிற்கின்றது. புலவரின் பெயர் பாறைக்குக் கூட இருக்கின்றது. மணப்பெண்ணின் பெயர் கல்வெட்டில் இல்லை. அங்கவை, சங்கவை என்று நாம் சொல்வதெல்லாம் பின்வந்தோர் தந்த பெயர்கள். புறநானூற்றில் ஓர் அருமையான பாட்டைப் பாடியவர்கள் அந்தச் சகோதரியர். தொகுத்தவர்கள் அதன் கீழே 'பாரி மகளிர்' என்று எழுதியதோடு சரி. கவிஞராக இருந்தும் தந்தையின் பெயர்தான்!

மேனாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். இன்று பெல்ஜியத்தின் பகுதியாக உள்ள ஃபிளாண்டர்ஸ் நாட்டில் மார்கரெட் என்று ஒரு சிற்றரசன் மகள். 1350இல் பிறந்தவளை 1357இல் பர்கண்டி நாட்டுச் சிறுவனுக்குக் கட்டி வைத்தார்கள். ஏழு வயது! 1361இல் அவன் இறக்க, பதினோரு வயதில் விதவை. 1369இல் பர்கண்டியின் புதிய கோமகன் பிலிப்புக்கு மறுபடியும் மணம். 1384இல் தந்தை கண்மூட, ஃபிளாண்டர்ஸ் நாடே சீதனம் போல அவளோடு பர்கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதே மரபில் வந்த மேரி 1477இல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனை மணந்தாள். 1482இல் குதிரையிலிருந்து விழுந்து 25 வயதில் மாண்டாள். அவள் நாடுகள் அப்படியே கணவன் வீட்டாருக்கு! கொடுமையில் குறைவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பெயர் இருக்கின்றது, பிறந்த ஆண்டு இருக்கின்றது. மேரிக்கு புரூஜ் நகரத்து மாதா கோயிலில் கல்லறையும் இருக்கின்றது.

"அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளக்காதே. அந்த மணங்களால் போர் நின்றது, நாடுகள் இணைந்தன" என்று வரலாறு படிக்கும் நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அதிலும் நியாயம் உண்டு. இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரனுக்கு இராசேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அந்த அம்மங்கையின் பிள்ளைக்கு இரண்டாம் இராசேந்திரன் மகள் மதுராந்தகி வாழ்க்கைப்பட்டாள். அந்தப் பிள்ளைதான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். வேங்கியும் தஞ்சையும் ஒரு குடைக்கீழ் வந்தன. தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கணக்கில் எழுதப்பட்டார்களே, அவர்களில் ஒருத்தியையாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

சங்கப் பாட்டிலே கூட இந்தக் குறை உண்டு. மகட்பாற்காஞ்சி என்றொரு துறை. வேந்தன் பெண் கேட்பான். தந்தை தரமாட்டேன் என்பான். ஊர் போருக்கு அஞ்சி நடுங்கும். தந்தையின் மறுப்பு அங்கே வீரம் என்று பாராட்டப்படும். அழிவுக்கோ அவள் அழகின் மேல் பழி! அந்தப் பெண் மட்டும் வாய் திறக்கமாட்டாள்.

அரசர்கள் போய்விட்டார்கள். கணக்கு போகவில்லை, தோழர்களே. வரப்புக்கு வரப்பு ஒட்டிய கரும்புக்காடு, கிணற்றில் பாதிப் பங்கு, விட்டுப் போகக்கூடாத சொந்தம் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுகின்றார்கள். சோழனும் வேங்கியும் பேசியது இதைவிடப் பெரிய நிலத்தைப் பற்றி, அவ்வளவே. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். போன வைகாசியில் எனக்கும் ஒரு கரும்புக்காடு வந்தது. அப்பா என்னைக் கேட்டார். "படிப்பு முடியட்டும்ப்பா" என்றேன். விட்டுவிட்டார். அவர் கேட்டார் என்பதே எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது!

ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து இடத்தில் நின்று டைட்ரேஷன் செய்தவளை அவள் வீட்டில் கேட்கவில்லை. மூன்றாம் பருவத் தேர்வுக்கு முன்பே மாமன் மகனுக்கு முடித்துவிட்டார்கள். பத்திரிகை வகுப்புக்கு வந்தது. தாத்தாக்கள் பெயர், ஊர்ப் பெயர், காட்டின் பெயர் வரை எல்லாம் இருந்தது. அவள் பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்ஸி.,' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அவளுடைய ரெக்கார்டு நோட்டு ஆறாவது சோதனையோடு நிற்கின்றது. இன்னும் என்னிடம்தான் இருக்கின்றது.