பினாங்குக்கு ஒரு மணி நேரம்தானா?

துக்கச் செய்தி வந்த வீட்டில் அழுகை ஓய்வதற்குள் எழும் கேள்வி, “எப்படிப் போய்ச் சேருவது?” என்பதுதான். பினாங்கில் பெரியம்மா தவறிவிட்டார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகன், “சுபாங்கில் ஏறினால் ஒரு மணி நேரம்தானே அம்மா!” என்கிறான். வாசகர்களே, பணத்தைக் கட்டுமுன் அந்த ஒரு மணி நேரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போமா?

சுபாங்கிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நம் பெரியவர்கள் கணக்கில் 174 கட்டை. விமானிகள் கணக்கிடும் கடல் மைல் இன்னும் நீளம் என்பதால் அவர்களுக்கு 150தான்.

இந்த வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விட வேண்டாமா? சீட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நிற்கும் வரையில் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். சிப்பாங்கிலிருந்து ஜெட் விமானத்தில் போனாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்க, ஜெட்டின் வேகம் எங்கே உதவும்? பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்கு சிப்பாங் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; சுபாங் பக்கத்திலேயே இருக்கிறது. 1965 முதல் 1998 வரை நாட்டின் பெரிய விமான நிலையம் அதுதான். விமானம் பார்க்கவே குடும்பம் குடும்பமாகப் போன காலம் அது.

இனி வீட்டுக் கணக்கு. சுபாங் போக அரை மணி. ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருப்பது நல்லது. பயணம் ஒரு மணி. இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. ஜார்ஜ் டவுனுக்கு டாக்சியில் முக்கால் மணி. ஆக, நாலே கால் மணி நேரம்! ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் சுமார் நான்கு மணி. காரில் நெடுஞ்சாலையில் தடங்கலின்றிப் போனாலும் கிட்டத்தட்ட அதே. அதுவும் துக்க வீடு சுங்கைப்பட்டாணியிலோ புக்கிட் மெர்த்தாஜாமிலோ என்றால், தீவில் இறங்கிப் பாலம் தாண்டித் திரும்பி வர வேண்டும். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர்கள் தெற்கே வந்து விமானம் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காரில் நாலு பேர் சேர்ந்து போகலாம், செலவும் குறையும்.

கோத்தா பாரு கதை வேறு. சுபாங்கிலிருந்து ஆகாயத்தில் சுமார் 350 கிலோமீட்டர்தான். ஆனால் குறுக்கே மலைத்தொடர். சாலையில் வளைந்து வளைந்து போக ஏழெட்டு மணி நேரமாகும். அங்கே யோசிக்க வேண்டாம், விமானமே மேல்.

எதில் ஏறினாலும் மறதிக்கு இடமுண்டு. பதற்றத்தில் கிளம்பும்போது சொல்லவே வேண்டாம். விமானம் என்றால் பெரியவர்களுக்கு அடையாளக் கார்டும் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமும் முதலில் பையில் ஏறட்டும்.