எரியிற வெளிச்சத்துக்குக் காசு குடுக்காதேங்கோ

முதல் வால்வு அம்பிளிபயர் வாங்க வெளிக்கிட்ட நாங்கள் மூன்று பேரும், செம்மஞ்சளாக எரியும் வால்வைப் படத்தில் பார்த்தே மயங்கிவிட்டோம். மலிவான பலவற்றில் வால்வு முன்பகுதியில் மட்டும்தான். ஸ்பீக்கரை ஓட்டுறது உள்ளே இருக்கிற சிப். போதாக்குறைக்கு வால்வுக்கு அடியில எல்ஈடி வேற!

உண்மையான வால்வு அம்பிளிபயர் எண்டால் பெரும்பாலும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும், பாரமாயும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒற்றை ஈஎல்84 வால்வு தருவது 5 வாட் அளவுதான். அது காணுமா எண்டு சொல்லுறது ஸ்பீக்கர். 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க நாலு மடங்கு வலு வேணும். ஆகவே சேர்த்த காசு முதலில் ஸ்பீக்கருக்குத்தான் போகவேணும். அதுவரை பழைய ட்ரான்சிஸ்டர் பெட்டியே காணும். எங்களில ஒருத்தன் இன்னும் சம்மதிக்கேல்ல.