உபகரணம் வந்துவிட்டது, பாடம் வரவில்லை

இந்தியப் பள்ளிகளில் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுவதில்லை, கொள்முதல் செய்யப்படுகிறது. இக்கூற்று மிகை என்று கருதும் நண்பர்கள் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைச் சற்று ஊன்றிப் பார்க்கட்டும். 2016இல் நிதி ஆயோக்கின் கீழ் தொடங்கப்பட்ட அத்திட்டம், தெரிவாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரமும் சென்சார்களும் மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளும் வந்து இறங்குகின்றன. ஆனால், அவற்றைக் கொண்டு நடத்தவேண்டிய பாடத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. அறிவியல் ஆசிரியரோ கணினி ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் ஓர் அறை. போட்டிகள் நெருங்கும்போது திறக்கும் ஓர் அறை. பெரும்பாலான பள்ளிகளில் நிலைமை இதுதான். 2025 நிதிநிலை அறிக்கையோ அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளுக்குள் இத்தகைய ஆய்வகங்கள் 50,000 அமைக்கப்படும் என்று அறிவித்தது. அறைகளின் எண்ணிக்கை கூடுவதனால் மட்டும் பாடம் பிறந்துவிடாது.

இதற்கு மறுபுறம் தொழிற்கல்வி நிற்கிறது. சில்லறை விற்பனை, அழகுக்கலை, வாகனப் பராமரிப்பு என்று 9, 10ஆம் வகுப்புகளில் விருப்பப் பாடங்கள் உள்ளன. 'புத்தாக்கம்' ஒரு வாசல், 'திறன்' மற்றொரு வாசல். எந்த வாசலில் யாருடைய பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் வாசலில் கருவி உண்டு, நோக்கம் இல்லை. இரண்டாவதில் செய்முறை உண்டு, 'ஏன் இப்படிச் செய்யவேண்டும்' என்னும் கேள்வி இல்லை. இரண்டிலும் விடுபட்டுப்போவது வடிவமைப்பு.

வடிவமைப்பு என்றவுடன் பலருக்கும் அழகூட்டலே நினைவுக்கு வருகிறது. 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் அதில் லோட்டாவை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், கையில் எப்படிப் பிடிபடவேண்டும், சுமக்கையில் எடை எங்கே நிற்கவேண்டும், ஊற்றுகையில் நீர் எப்படி விழவேண்டும், விலை என்ன என்று ஒரு சாதாரணப் பாத்திரத்துக்குள் அடங்கிய முடிவுகளை அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினர். அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்விகள் எட்டாம் வகுப்பை வந்தடையவில்லை. அவற்றைக் கேட்பதற்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இங்கு வேறொரு கவலையும் உண்டு. வகுப்பறை மொழியைப் பதிவுசெய்வதற்காக நான் அமர்ந்திருந்த ஓர் ஆய்வகத்தில், மாணவர்கள் கோட்டைத் தொடர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தனர். 'இது என்ன?' என்று கேட்டபோதெல்லாம் சென்சார், மோட்டார், ஜம்பர் வயர் என்று விடை உடனுக்குடன் வந்தது. 'இதை யாருக்காகச் செய்கிறீர்கள்? வேறு எப்படிச் செய்திருக்கலாம்?' என்று கேட்டபோது அமைதி நிலவியது. அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் மட்டுமே. வடிவமைப்பின் சிந்தனையோ நிபந்தனை வாக்கியங்களில் இயங்குவது. 'பட்டையை அகலமாக்கினால் தோள் வலிக்காது. ஆனால் துணி கூடுதலாகும்' என்று சொல்வதற்கு 'ஆல்' வேண்டும், 'ஆனால்' வேண்டும், ஒப்பீடு வேண்டும். அவற்றை ஒரு குழந்தை தன் தாய்மொழியில் சரளமாகக் கையாளும். கையேட்டையும் போட்டி விண்ணப்பத்தையும் ஆங்கிலத்தில் மட்டும் நீட்டும்போது, அந்தத் தருக்கத்தைப் பறித்துக்கொண்டு உதிரிபாகங்களின் பெயர்ப் பட்டியலை அதன் கையில் திணிக்கிறோம்.

மாற்றுவழி இல்லாமலில்லை. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்காக வடிவமைப்பு-தொழில்நுட்பக் கற்றல் அலகுகளை உருவாக்கி, மராத்தி வழி, ஆங்கில வழி மாணவர்களிடையே நடத்திப் பார்த்தது. பை, காற்றாலை மாதிரி, பொம்மலாட்டப் பொம்மை ஆகியவையே அங்கே பொருள்கள். குழுவாகப் பேசினார்கள், வரைந்தார்கள், செய்முறையைத் திட்டமிட்டார்கள், செய்தார்கள், பின்னர் தாங்களே மதிப்பிட்டார்கள். புணே அருகிலுள்ள பாபல் கிராமத்தில் 1983இல் கல்பாக் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம், ஊருக்குத் தேவையான பணிகளையே பாடமாக்கிக் காட்டியது. நம்மிடம் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை; அவை எவையும் பொதுப் பாடமாக ஆக்கப்படவில்லை என்பதே குறை.

'கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவது குலக்கல்வி ஆகாதா?' என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், அரைநாள் பள்ளி, மீதிநேரம் பெற்றோர் தொழில் என்று வகுத்தது; எதிர்ப்பின் விளைவாக மறு ஆண்டே கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால், அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் கையைப் பள்ளியிலிருந்து விலக்குவதன்று. தொழிலைப் பிறப்போடு பிணைப்பதே குலக்கல்வி. நெசவாளர் மகளும் நீதிபதி மகனும் ஒரே மேசையில் ஒரே சிக்கலுக்கு வரைந்து, வெட்டி, தோற்று, மீண்டும் செய்வது அதற்கு நேர் எதிரானது. கையால் செய்வதை ஏழைக்கு மட்டும் ஒதுக்கும் இன்றைய இருவாசல் ஏற்பாடுதான் சாதியின் தருக்கத்துக்கு அருகில் நிற்கிறது.

மற்றொரு எச்சரிக்கையும் வரலாற்றில் உண்டு. 1937 வார்தா மாநாட்டின் ஆதாரக் கல்வி, கோத்தாரி ஆணையத்தின் பணி அனுபவம், 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு முன்வைத்த சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. கடைசியில் எஞ்சியவை மெழுகுவர்த்தியும் வாழ்த்து அட்டையும். காரணம் எளியது: தேர்வில் எடையில்லாத பாடத்தைப் பள்ளி மதிக்காது, பணியிடம் இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் உருவாகமாட்டார்.

2023இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 'இயந்திரங்களோடும் பொருள்களோடும் பணி' என்பதை எல்லா மாணவர்க்கும் உரிய ஒன்றாக வகுத்திருக்கிறது. அந்த வரி மெழுகுவர்த்தியாக உருகிவிடாமல் இருக்கவேண்டுமானால் கோரிக்கைகள் தெளிவாக இருக்கவேண்டும். 6 முதல் 10 வரை அனைவருக்கும் ஒரே பாடம், வாரத்துக்கு இரண்டு தொடர் பாடவேளைகள், முடிந்த பொருளை மட்டுமன்றி, வரைபடங்களையும் கைவிட்ட யோசனைகளையும் சேர்த்து மதிப்பிடும் முறை, தாய்மொழியில் கையேடு, நிரந்தரப் பணியிடம்.

கடைசிக் கோரிக்கை நம்மை நோக்கியது. கல்வியியல் துறைகளில் இருக்கும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, நம் பி.எட். படிப்புகளில் இப்பாடத்துக்கான கற்பித்தல் முறைத் தாளைக் காண்பது அரிது. அதை எழுதவேண்டியது அமைச்சகம் அன்று, நாம். 50,000 அறைகளின் சாவிகள் ஒப்படைக்கப்படும்போது, உள்ளே சென்று கற்பிக்க யாரை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம்?