மாரியில் மூழ்கும் வளவுத் தோட்டங்கள்: மூதூரின் தக்காளி யாருடைய கணக்கில்?

தை பிறந்து ஒரு கிழமை கழித்து, கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்குப் போனேன். டித்வா புயல் கடந்து ஏழு கிழமைகள் ஆகியிருந்தன. வெள்ளம் வடிந்த வயல்களில் மணலும் சேறும் படிந்து கிடந்தன. சில இடங்களில் மீண்டும் உழுது விதைத்திருந்தார்கள். சில இடங்களை அப்படியே விட்டிருந்தார்கள்.

நான் தேடிப் போனது வயலை அல்ல. வெருகல் போகும் வீதியிலிருந்து உள்ளே ஒரு கிராமத்தில், இருபது பேர்ச் வளவில் மரக்கறி செய்யும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். போரில் கணவரை இழந்தவர். 2006 இல் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் முகாமில் இருந்து, திரும்பி வந்து தோட்டம் தொடங்கியவர். அவருடைய பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன்.

“நூற்றைம்பது தக்காளிக் கண்டு வைச்சனான் பிள்ளை. பூ வந்த நேரம். நாலு நாள் தண்ணி நிண்டுது. வடிஞ்ச பிறகு பார்த்தால் எல்லாம் நிண்ட நிலையிலேயே வாடிப்போய் நிண்டுது” என்றார்.

சேதம் பதிய வந்தவர்கள் அவரிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

“எத்தனை ஏக்கர் எண்டு கேட்டவை. ஏக்கர் எண்டு சொல்ல எனக்கு எங்க இருக்கு?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

குளிர் வேண்டும், மழை வேண்டாம்

திருகோணமலையில் மாரியில் தக்காளி செய்வது ஏன் கடினம் என்று கேட்டால், பலரும் “இது மலைநாட்டுப் பயிர்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான்.

தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் மிக நல்லது. இரவு வெப்பம் அதற்கு மேல் ஏற ஏற மகரந்தம் பலவீனமாகிறது, பூ கொட்டுகிறது. திருகோணமலையில் சோளகம் வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் பகல் 34 பாகை வரை போகும், இரவிலும் சூடு தணியாது. அப்போது தக்காளி உயரமாக வளரும், ஆனால் காய் பிடிப்பது குறைவு. மார்கழி, தை மாதங்களில்தான் இரவு 24 பாகை அளவுக்கு இறங்கும். எங்கள் கரையில் தக்காளிக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த வெப்பம் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குளிர் மழையோடு சேர்ந்துதான் வருகிறது. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. தக்காளி வேர் ஓரிரு நாள் தண்ணீருக்குள் நின்றாலே மூச்சு முட்டிவிடும். நாற்றுமேடையில் நாற்றழுகல் வரும். இலைகளில் கருகல் வரும். எல்லாவற்றையும் விட மோசமானது பற்றீரியா வாடல் நோய். இலை பச்சையாக இருக்கும்போதே கண்டு தலை சாய்ந்துவிடும். தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினால், வெட்டிய இடத்திலிருந்து பால் போல நூல் இறங்கும். அப்படி இறங்கினால் அது வாடல் நோய்தான். அந்தப் பற்றீரியா மண்ணில் கிடக்கும், ஓடும் தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் அடுத்த வளவுக்கும் போகும். ஆகவே வெள்ளம் வந்த நிலத்தில் உடனே தக்காளியையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாயையோ மறுபடி வைப்பது ஆபத்து. ஒரு போகத்துக்காவது பயற்றை, வெண்டி, சோளம் என்று மாற்றுவது நல்லது.

இவை எவருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. பாத்தியை ஒரு முழம் உயர்த்துவது, பாத்திகளுக்கு இடையே ஆழமாக வாய்க்கால் வெட்டுவது, கம்பு நட்டுக் கட்டி இலை மண்ணில் படாமல் வைப்பது, நாற்றுமேடைக்கு மேலே பொலித்தீன் கூரை போடுவது, நோயைத் தாங்கும் இனங்களைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றையும் விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லித்தான் வருகிறார்கள். அந்த அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அவருடைய பாத்திகள் உயர்ந்தே இருந்தன. வந்த வெள்ளம் அதைவிட உயரமாக இருந்தது.

அப்படியானால் ஏன் இந்த ஆபத்தை எடுக்கிறார்கள்? விலைதான் காரணம். மழை விட்ட பிறகு தை, மாசியில் நட்டால் பயிர் தப்பும். ஆனால் பங்குனி, சித்திரையில் எல்லோருடைய தக்காளியும் ஒன்றாகச் சந்தைக்கு வரும், விலை விழும். மார்கழியில் ஒரு கூடை பழம் கையில் இருந்தால் அதன் பெறுமதி வேறு. வருமானம் என்று வேறொன்றும் இல்லாத ஒரு வீட்டில் அந்த ஒரு கூடை பிள்ளைகளின் தைமாதப் பாடசாலைச் செலவு.

ஒரே அணை, இரண்டு தடவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா இலங்கையைக் கடந்தது. நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலான மரணங்கள் மலைநாட்டு மண்சரிவுகளில் நிகழ்ந்தன. மலையில் கொட்டிய மழை மகாவலியில் இறங்கியது. அந்த ஆறு கடலைச் சேரும் இடம் எங்கள் கொட்டியாரக் குடா. நவம்பர் 30 ஆம் திகதி மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்தது. சேருவில, மூதூர், வெருகல் பக்கத்து மக்களை அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்தது.

மாவிலாறு என்ற பெயர் இந்தப் பகுதி மக்களுக்கு எதை நினைவூட்டும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 ஜூலையில் அதே அணையின் கதவுகள் மூடப்பட்டதை அடுத்துத்தான் இறுதிப் போர் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே எறிகணைகளுக்கு அஞ்சி ஊர்களை விட்டு ஓடத் தொடங்கியிருந்த மூதூர் கிழக்கு மக்கள், செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்திடம் வீழ்ந்தபோது வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்போது தண்ணீர் வராமல் வயல் காய்ந்தது. இப்போது தண்ணீர் வந்து வயலும் வளவும் மூழ்கின. ஒரே ஆயுளில் ஒரே அணையால் இரண்டு தடவை ஊரை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது வெறும் உணர்ச்சிக்காக அல்ல. மாரியில் மரக்கறி செய்ய ஒரு நிலத்தைத் தயார்படுத்துவது ஒரு வருட வேலை அல்ல. எரு போட்டு, மண்ணை உயர்த்தி, வடிகால் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, வேலிக் கதியால் வைத்து, கிணறு கட்டி ஒரு வளவு தோட்டமாக மாறுவதற்குப் பத்து வருடங்கள் வேண்டும். சம்பூர் மக்களுக்கு அந்தப் பத்து வருடங்கள்தான் இல்லாமல் போயின. அவர்களுடைய காணி முதலில் உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டு, 2015 இல்தான் அந்த ஒதுக்கீடு இரத்தானது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 இல் விடுவிக்கப்பட்டது. திரும்பிப் போனவர்கள் வீடுகளை மட்டுமல்ல, எல்லை வேலிகளையும் காணவில்லை. தோட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

ஹெக்டெயரும் பேர்ச்சும்

வெள்ளத்துக்குப் பிறகு, டிசெம்பர் தொடக்கத்தில் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் நிவாரணங்களை அறிவித்தார். அழிந்த நெல்லுக்கு ஹெக்டெயருக்கு 150,000 ரூபா. மரக்கறிக்கு ஹெக்டெயருக்கு 200,000 ரூபா. மரக்கறியைத் தனியாகப் பெயர் சொல்லி, நெல்லை விடக் கூடுதலாகக் கொடுப்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஏனென்றால், அண்மைய ஆண்டுகளில் அரசு இலவசமாக நடத்திவந்த பயிர்க் காப்புறுதி நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் என்ற ஆறு பயிர்களுக்கானது. தக்காளியும் கத்தரியும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அளவுகோலைப் பாருங்கள். ஒரு ஹெக்டெயர் என்பது ஏறக்குறைய 395 பேர்ச். அந்தக் கணக்கில் ஒரு பேர்ச்சுக்கு வருவது 500 ரூபாவுக்குச் சற்று மேல். இருபது பேர்ச் வளவு முழுவதும் மரக்கறி என்று எழுதினாலும் 10,000 ரூபா அளவுதான். அதுவும் பதிவில் வந்தால்தான். நெல்வயல்களுக்குக் கமநல சேவை நிலையத்தில் பதிவு இருக்கிறது. வயலுக்கு ஒரு பெயர், ஓர் இலக்கம், ஒரு விவசாயி. வளவில் தக்காளி வைத்த பெண் அந்தப் பதிவில் விவசாயியாகவே இருப்பதில்லை. அவர் வீட்டில் இருக்கும் பெண், அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்கு வீட்டுத்தோட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை போட்டு, விளைச்சல் விழுந்து, நவம்பரில் அந்தத் தடையை நீக்கிய பிறகு, 2022 நெருக்கடியில் எல்லோரையும் வளவில் பயிர் வைக்கச் சொன்னது அரசுதான். அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறைக்கே அமைச்சரவை அனுமதி கொடுத்தது. நாடு பசித்தபோது வளவுத் தோட்டம் தேசியக் கடமை. வெள்ளம் வந்தபோது அது கணக்கில் வராத சிறு நிலம்.

வளவுத் தோட்டங்களின் பெறுமதி டிசெம்பரில் கண்ணுக்குத் தெரிந்தது. மலைநாட்டுத் தோட்டங்கள் அழிந்து, வீதிகள் துண்டிக்கப்பட்டதும் மரக்கறி விலை நாடெங்கும் ஏறியது. திருகோணமலைச் சந்தைக்கு வரும் கரட்டும் கோவாவும் தக்காளியும் பெரும்பாலும் தம்புள்ளை வழியாக வருபவை. வீதி நின்றால் சந்தை நின்றுவிடும். அப்படியான கிழமைகளில் ஒரு ஊருக்குச் சோறோடு கறி கொடுப்பது முருங்கையும் பூசணியும் கீரையும் மரவள்ளியும் நிற்கும் வளவுகள்தான்.

நிலம் உறுதியில்லாமல் பாத்தி உயராது

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெருமளவு நிலம் 1984 வர்த்தமானி அறிவித்தல் மூலம் துறைமுக அதிகார சபையின் கீழ் போனது. அந்த நிலங்களில் பலர் பல பத்தாண்டுகளாக வயலும் தோட்டமும் செய்து வந்தார்கள். 2025 இல் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பயிர் செய்த நிலங்கள் சூரிய மின்சக்தித் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதற்கு எதிராக மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சம்பூரில் அனல் மின் நிலையத்துக்கென எடுத்த காணி, அந்தத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்ட பிறகும் உழுதவர்களிடம் திரும்பவில்லை. பின்னர் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத் திட்டம் வந்தது. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் இணையவழியாகத் தொடக்கி வைத்தார்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. நாளை யாருடையது என்று தெரியாத நிலத்தில் எவரும் பாத்தியை உயர்த்த மாட்டார்கள், வடிகால் வெட்ட மாட்டார்கள் என்பதே நான் சொல்ல வருவது. மாரியைத் தாங்கும் விவசாயம் வேண்டும் என்று காலநிலைக் கருத்தரங்குகளில் பேசுகிறோம். அதற்கு முதல் உள்ளீடு விதையோ பொலித்தீனோ அல்ல, உறுதியான காணி உரிமை.

அடுத்த ஒக்டோபருக்கு முன்

பெரிய நிதி இல்லாமலே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும், வளவில் மரக்கறி செய்து விற்கும் குடும்பங்களை ஒரு தனிப் பதிவில் சேர்க்கலாம். பெண்ணின் பெயரிலேயே சேர்க்க வேண்டும். நட்டஈட்டைப் பரப்பளவில் மட்டும் கணக்கிடாமல், இப்படியான குடும்பத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை வைக்கலாம். இலவசக் காப்புறுதியில் மரக்கறியையும் சேர்க்கலாம். மேட்டு நிலத்தில் இருக்கும் ஒரு பாடசாலை வளவிலோ சனசமூக நிலையத்திலோ மழைக்கூரையோடு பொது நாற்றுமேடை ஒன்று வைத்தால், வெள்ளம் வந்து போன மறுகிழமையே ஊருக்கு நாற்றுக் கிடைக்கும். ஏழு கிழமை காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றோடு மாவிலாற்று அணையின் பழுதுபார்ப்பு எங்கே நிற்கிறது, அடுத்த மாரியைத் தாங்குமா என்ற விபரம் தமிழில், ஊர் மக்களுக்கு விளங்கும்படி வெளிவர வேண்டும். அதைக் கேட்பது மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுடைய வேலையும், எங்களைப் போன்ற ஊடகவியலாளர்களுடைய வேலையும்.

புறப்படும்போது அக்கா பின்வளவைக் காட்டினார். தக்காளி நின்ற பாத்திகளில் இப்போது பயற்றைக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. தக்காளியை இந்த முறை கிணற்றடியில், உரப்பைகளில் வைத்திருந்தார். இருபது பைகள் இருக்கும். வெள்ளம் வந்தால் தூக்கித் திண்ணையில் வைக்கலாம் என்றார்.

தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவுக்குத் தோட்டத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். முகாமில் இருந்த காலத்திலும் இப்படித்தான் பைகளில் மிளகாய் வைத்தேன் என்று சொன்னார். அவர் சொந்த வளவுக்கு வந்த பிறகும் அந்த முகாம் பழக்கத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதைத்தான் மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் யோசிக்க வேண்டும்.