சாலையோரத்திலேயே பேசி முடிப்பது யாருக்கு லாபம்?



மேச்சேரி மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் நமக்கு, சரக்கு நிறுத்துக் கொடுப்பது போக இன்னொரு வேலையும் உண்டு. கடை முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மோதிக்கொண்டால் பஞ்சாயத்துப் பேசுகிற வேலை. மேட்டூரிலிருந்து தொப்பூர் போகும் சாலையும் ஓமலூர் சாலையும் கூடும் ஊர் நம்முடையது. பொட்டனேரி இரும்பாலை லாரிகள், அனல் மின் நிலைய லாரிகள், சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் டெம்போக்கள், இவற்றுக்கு நடுவே எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கம் பருப்பு மூட்டையை வைத்துக்கொண்டு போகும் நம் கடைப் பையன். விழுந்தவுடன் கூட்டம் கூடும். "போலீசுன்னா அலையணுமுங்க, நீங்களே பேசி முடிச்சு விடுங்கண்ணா" என்பார்கள். நாமும் கல்லாவை விட்டு இறங்கி, இவரிடம் வாங்கி அவரிடம் கொடுத்து அனுப்பி வைப்போம். பல தடவை நானே செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் என் கடை எதிரே அடிபட்டு விழுந்தார். தானே எழுந்தார். டீ குடித்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றார். இடித்தவரிடம் 3,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து இருவரையும் அனுப்பினேன். இரவு அவருக்கு வாந்தி, நினைவு தப்பியது. தலைக்குள் ரத்தக்கட்டு. ஆபரேஷன் செய்து பிழைத்தார். ஆனால் பதற்றத்தில் ஆஸ்பத்திரியில் வீட்டார் "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என் கடை வாசலில் நின்று, "அந்த வண்டி நம்பரையாவது எழுதி வச்சீங்களாண்ணா" என்று கேட்டார். நான் எழுதி வைக்கவில்லை.

மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது, அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசி, நடந்து, பிறகு திடீரென்று சாய்வதுண்டு. ஆகவே தலையில் அடிபட்டவரைப் பார்த்து "ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? டாக்டர் பார்க்கட்டும். இன்னொன்று, நம் பெட்டிக்கடைப் பழக்கமான சோடாவை நிறுத்த வேண்டும். அவசர ஆபரேஷன் என்றால் வயிற்றில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் போகிற ஆபத்து உண்டு. நினைவில்லாமல் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைப்பதும், ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பதும் கழுத்தெலும்புக்குக் கேடு. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108க்குப் போன் செய்ய வேண்டும். செலவுக்குப் பயமா? 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தருவதற்காக வந்ததுதான்.

இனி பணத்துக்கு வருவோம், நாம் வியாபாரிகள். இடித்தவர் பணம் கொடுத்துவிட்டால் தப்பித்தார் என்று நினைப்பது தவறு. வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து, பின்னால் தீர்ப்பாயத்தில் போடும் வழக்கைத் தடுக்காது. வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறோம், அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கம்பெனி கட்டுவதற்காகத்தான். கம்பெனிக்கும் ஸ்டேஷனுக்கும் தகவலே கொடுக்காமல் நாமாகக் கையிலிருந்து கொடுப்பது, ஒரே சரக்குக்கு இரண்டு முறை பில் கட்டுவது போல. அடிபட்டவருக்கோ எப்.ஐ.ஆர். இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம். வழக்கை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் வந்திருப்பதால், "மாசித் திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவும் கூடாது.

நம் கடை வண்டி விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டியது வேறு. லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பி அவன் இடித்துவிட்டால், கம்பெனி பணத்தைக் கட்டினாலும் அதை நம்மிடமிருந்தே வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால், 2019 திருத்தச் சட்டப்படி வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வரலாம். பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு வெறும் 'தேர்டு பார்ட்டி' பாலிசி பொறுப்பேற்காது என்று 2006ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக்குக் கொள்முதல் செய்ய மகனைப் பின்னால் ஏற்றிப் போகிறவர்கள் பாலிசியை எடுத்து ஒரு முறை பார்க்கவும். பழைய வண்டியை விற்று, பேர் மாற்றாமல் விட்டவர்கள் இன்னும் அவசரமாகப் பார்க்கவும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018ல் அதே நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

சாட்சி சொல்ல அலைய வேண்டும் என்ற பயத்தில் ஷட்டரை இறக்கிவிடும் அன்பர்களும் நம்மில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2007ல் கான்பூரில் அடிபட்ட பள்ளி மாணவன் ஒருவன் யாரும் தூக்காமல் ரோட்டிலேயே இறந்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி தொடங்கிய அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2019ல் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உதவி செய்தவர் மீது வழக்குப் போட முடியாது. பேர், விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. சாட்சி சொல்வது அவராக விரும்பினால்தான்.

மெயின் ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றிலும் ஒரு டார்ச், கட்டுத்துணி, வண்டி நம்பர் எழுத ஒரு நோட்டு வைப்பது என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன். நோட்டுச் செலவு என்னுடையது.